பாட்டு கிளாஸ் ஃபீஸ் முதலீடு இல்லை, செலவு!



பிள்ளைகளின் படிப்புக்கு எப்படிச் சேமிப்பது என்று ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்கப்புறம் ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில் பல பேர்கிட்ட இருந்து வருது. "சார், பொண்ணு பாட்டு கத்துக்கிறா. இதுவரைக்கும் மூணு லட்சம் போட்டாச்சு. எப்ப ரிட்டர்ன் வரும்?"

"போட்டாச்சு", "ரிட்டர்ன்". இந்த ரெண்டும் ஷேர் மார்க்கெட் வார்த்தை. ஒரு பத்து வயசுப் பிள்ளையைப் பத்திப் பேசும்போது இது ரெண்டும் வந்தா எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கும்.

இந்தப் பதிவில் நான் சொல்லப்போறது ஒரே விஷயம்தான். பிள்ளையின் இசைக்கு நீங்க கொடுக்கிற பணம் செலவு. பிள்ளை மேடையில் சம்பாதிக்கிற பணம் பிள்ளையின் சொத்து. இந்த ரெண்டு கணக்கையும் ஒண்ணாக் கலக்காதீங்க. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று நம்ம பெரியவங்க சொன்னதை, இந்த ஒரு விஷயத்தில் நாம எல்லாரும் மறந்துடறோம்.

சரி, ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

ரேடியோ கதையும் நகைக் கதையும்

இந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு கதை வந்துடும்.

முதல் கதை, பண்ணைப்புரம் சின்னத்தாயம்மாள். இளையராஜாவும் சகோதரர்களும் சென்னைக்குக் கிளம்பும்போது வீட்டில் இருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்த 400 ரூபாயையும் அப்படியே மகன்கள் கையில் கொடுத்து அனுப்பினார். இதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ரெண்டாவது கதை, ஏ.ஆர்.ரஹ்மானின் அம்மா. புதுசா ஒரு ஸ்டூடியோ கட்டியாச்சு. உள்ளே வைக்கக் கருவி வாங்கக் காசில்லை. அம்மா நகையைக் கொடுத்தார், அடகு வைத்து முதல் ரெக்கார்டர் வந்தது. இதுவும் அவரே சொன்னதுதான்.

கேட்கும்போது கண் கலங்குது, உண்மை. ஆனா நான் கணக்குப் பார்க்கிறவன். இந்த ரெண்டையும் ஒரு தடவை கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பார்ப்போம்.

சின்னத்தாயம்மாள் விற்றது ஒரு ரேடியோ. இல்லாம வாழ முடிகிற பொருள். அது மகன்கள் சென்னையில் கால் ஊன்றும்வரை சாப்பிடக் கொடுத்த கைச்செலவுப் பணம். 1968 வாக்கில் இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்துக்கொண்டிருக்கிறார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். நடுவில் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் ஓடினது 400 ரூபாயில் இல்லை. அடுத்தவர் இசைக்குழுவில் வாசித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, அவரே உழைத்துச் சம்பாதித்ததில் ஓடியது.

ரஹ்மான் கதையில் நாம கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல் இறந்தபோது ரஹ்மானுக்கு 9 வயது. வீட்டில் இருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பள்ளிக்கூட வயசிலேயே கீபோர்டு வாசிக்கப் போனார். ஸ்டூடியோ வந்தது 1989 வாக்கில், அவருக்கு 22 வயசு. அதாவது அந்த நகை அடகுக்குப் போனபோது, அவர் பத்து வருஷத்துக்கு மேல் தொழில் அனுபவம் இருக்கிற, ஏற்கெனவே சம்பாதிக்கிற ஒரு கலைஞர். ஓடுற கடைக்கு மிஷின் வாங்க நகைக்கடன் எடுக்கிற மாதிரி அது. ஏழு வயசுப் பையன் டிவியில் வருவான்னு நம்பி அடகு வைக்கிறதும் இதுவும் ஒண்ணு இல்லை.

இன்னொண்ணும் இருக்கு. ஜெயிச்சவங்க வீட்டு ரேடியோ கதை மட்டும்தான் நம்ம காதுக்கு வருது. ஜெயிக்காத வீட்டில் வித்த ரேடியோ, டிவி, மாடு, மனை எதைப் பத்தியும் யாரும் பேட்டி எடுக்கிறதில்லை.

சமீபத்தியக் கதை ஒண்ணு வேணும்னா, லிடியன் நாதஸ்வரம். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் சி.பி.எஸ் டிவி நடத்திய 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் 13 வயசில் 10 லட்சம் டாலர் பரிசு வென்றார். அதைப் பார்த்துட்டுக் கீபோர்டு வாங்கின வீடுகள் எத்தனையோ. ஆனா அவர் அப்பா வர்ஷன் சதீஷ் ஒரு இசையமைப்பாளர். கருவி, காது, கத்துக்கொடுக்கிற ஆள் மூணும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதுக்கு மேல ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியிலும் படித்தார். பரிசோடு நின்னுடவும் இல்லை. தொடர்ந்து கத்துக்கிட்டு, 2024-ல் மோகன்லால் இயக்கிய 'பரோஸ்' படத்துக்கு இசையமைத்தார். டிவியில் ஜெயிச்சது நடுவில் வந்த ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான்.

இந்தக் கதைகளை ஊக்கத்துக்கு வெச்சுக்கோங்க. பட்ஜெட் போட வெச்சுக்காதீங்க.

நம்ம ஊர்க் கணக்கு

இப்போ வல்லத்துக்கு வருவோம். செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் பக்கம் இசைக்குப் பஞ்சமே இல்லை. பங்குனி, சித்திரை வந்தா திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணைன்னு விடிய விடியக் கேட்கும். மேல்மலையனூரில் அமாவாசைக்கு அமாவாசை பம்பை, உடுக்கை. கல்யாணத்துக்கு நாதஸ்வரம், தவில். சர்ச்சுகளில் கீபோர்டு. திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. காது வளர்ற ஊர் இது.

பஞ்சம் எங்கேன்னா, முறையாக் கத்துக்கொடுக்கிற இடத்தில்தான். செஞ்சியிலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர், சென்னை சுமார் 150. அதனால ஃபீஸைவிட போக்குவரத்தும் நேரமும்தான் நம்ம பெற்றோருக்கு பாரம்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டுக் கணக்கு போடறேன். இது என் கற்பனைக் கணக்கு, உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.

- வகுப்புக் கட்டணம்: மாதம் 1,500
- பஸ், பெட்ரோல்: மாதம் 1,000
- கருவி வாங்கியது, ரிப்பேர் (மாதக் கணக்கில் பிரித்தால்): 300
- தேர்வுக் கட்டணம், போட்டி, உடை: 700

மொத்தம் மாதம் 3,500. வருஷம் 42,000. ஏழு வயசில் ஆரம்பிச்சு பதினேழு வரைக்கும் பத்து வருஷம்னா 4,20,000 ரூபாய். இதே 3,500-ஐ மாதாமாதம் எஸ்.ஐ.பி போட்டு, வருஷம் 10% கிடைச்சதா வெச்சுக்கிட்டா பத்து வருஷத்தில் சுமார் 7 லட்சம்.

இதைச் சொல்றது உங்களைப் பயமுறுத்த இல்லை. கிளாஸை நிறுத்தச் சொல்லவும் இல்லை. 7 லட்சம் மதிப்புள்ள ஒரு விஷயத்தை உங்க பிள்ளைக்குக் கொடுக்கிறீங்க. கொடுக்கும்போது தெரிஞ்சு கொடுங்க, கொடுத்த பிறகு திருப்பிக் கேட்காதீங்க.

எவ்வளவு வரை செலவு பண்ணலாம்? என் கருத்து: கைக்கு வர்ற குடும்ப வருமானத்தில் 5% வரைக்கும். மாசம் 70,000 வர்ற வீட்டுக்கு மேலே சொன்ன 3,500 சரியா இருக்கும். 40,000 வர்ற வீட்டுக்கு 2,000-தான் வரம்பு. அங்கே 3,500 போனா, வேற ஏதோ ஒண்ணு குறையுது. பெரும்பாலும் குறையறது அப்பாவின் டேர்ம் இன்சூரன்ஸும் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும்தான். நான் இதை நேர்ல பார்க்கிறேன். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுத்து அரங்கேற்றம் வெச்ச வீட்டில், சம்பாதிக்கிறவர் பேரில் ஒரு ரூபாய் காப்பீடு இருக்காது. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல நிற்கிறது அந்தப் பாட்டு கிளாஸ்தான்.

வரிசை இதுதான்: டேர்ம் இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீடு, ஆறு மாசச் செலவுக்கான கையிருப்பு, பள்ளிப் படிப்பு, உங்க ஓய்வுக்காலச் சேமிப்பு. அதுக்கப்புறம் இசை.

"அப்போ வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளை பாடக்கூடாதா?" பாடணும். அதுக்குத்தான் அரசு வழிகள் இருக்கு. நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

1. மாவட்ட அரசு இசைப்பள்ளி. விழுப்புரத்தில் இருக்கு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் மூணு வருஷச் சான்றிதழ்ப் படிப்பு. 12 வயசிலிருந்து 25 வரை சேரலாம். கட்டணம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான், மாணவர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. பள்ளி நேரத்தோடு ஒத்துவருமான்னு நேர்ல போய்க் கேட்டுக்கோங்க. பிற்காலத்தில் அறநிலையத்துறைக் கோயில்களில் ஓதுவார், நாதஸ்வரம், தவில் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த மாதிரிச் சான்றிதழ்தான் கை கொடுக்கும்.

2. ஜவகர் சிறுவர் மன்றம். கலை பண்பாட்டுத் துறை நடத்துறது. 5 முதல் 16 வயசுப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு. பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கான்னு அதிகச் செலவில்லாமத் தெரிஞ்சுக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

3. சி.சி.ஆர்.டி கலைத்திறன் உதவித்தொகை. மத்திய அரசு தருவது. 10 முதல் 14 வயசுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். பாரம்பரியமாக் கலை செய்யும் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் உண்டு. கூத்துக் கலைஞர், பம்பைக் கலைஞர் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

4. அரசு இசைக் கல்லூரிகள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு நாலு இடத்தில் இருக்கு. பிளஸ் டூவுக்குப் பிறகு தனியார் படிப்புக்குக் கடன் வாங்கும் முன்னாடி இங்கே ஒரு தடவை போய் விசாரிச்சுட்டு வாங்க.

ஒரு வரி விஷயமும் சொல்லிடறேன். பாட்டு கிளாஸ் ஃபீஸுக்கு 80சி கழிவு கிடையாது. பழைய வரி முறையிலும், பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகத்தில் முழுநேரப் படிப்புக்கான கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. "ரசீது வாங்கிட்டேன் சார், கழிச்சுடுங்க"ன்னு மார்ச் மாசம் யாரும் வராதீங்க.

முதல் சம்பளம் யாருடையது?

இங்கேதான் எனக்கும் நிறையப் பெற்றோருக்கும் சண்டை வருது.

பன்னிரண்டு வயசுப் பொண்ணு மெல்லிசைக் குழுவில் பாடறா. ஒரு கச்சேரிக்கு 2,000 கொடுக்கிறாங்க. சீசன்ல மாசம் நாலு கச்சேரி. பணம் அப்பாவின் ஜி-பேயில் வந்து விழுது. வந்த பணம் மளிகைக்கும் பைக் டியூவுக்கும் போயிடுது. கேட்டா, "நான்தானே சார் அவளுக்கு இவ்வளவு செலவு பண்ணேன்? அதுல கொஞ்சம் திரும்பி வந்தா தப்பா?"

தப்புதான். நேராவே சொல்லிடறேன்.

பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினதுக்குப் பிள்ளையிடம் பில் போடறோமா? சாப்பாடு போட்டதுக்கு? பாட்டு கிளாஸுக்கு மட்டும் ஏன் பில்? அது முதலீடுன்னு மனசுக்குள்ள எழுதி வெச்சதாலதான். அப்படி எழுதின அன்னைக்கே அந்தக் குழந்தை உங்களுக்குக் கடனாளி ஆயிடுச்சு. காய்ச்சல் வந்தாலும் மேடை ஏறணும். பரீட்சை இருந்தாலும் போகணும். பிடிக்கலைன்னு சொல்ல முடியாது, ஏன்னா வீட்டுக் கணக்கில் மூணு லட்சம் பாக்கி நிக்குது.

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜாக்கி கூகன்னு ஒரு குழந்தை நட்சத்திரம். 1921-ல் சார்லி சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடிச்ச பையன். கோடிக்கணக்கில் சம்பாதிச்சான். பெரியவனாகிப் பணத்தைக் கேட்டபோது அம்மாவும் மாற்றாந்தந்தையும் எல்லாத்தையும் செலவு பண்ணியிருந்தாங்க. 1938-ல் வழக்கு போட்டான், கடைசியில் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். ஊரே கொந்தளிச்சு, 1939-ல் கலிஃபோர்னியாவில் குழந்தைக் கலைஞர் சட்டம் வந்தது. இன்னைக்கு அங்கே குழந்தையின் சம்பளத்தில் 15% தனியா ஒரு அறக்கட்டளைக் கணக்கில் போயாகணும்.

நம்ம நாட்டிலும் சட்டம் இருக்கு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் திருத்தம் வந்தது, 2017-ல் விதிகள் வந்தன. 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை டிவி, சினிமா, விளம்பரம், வணிக நிகழ்ச்சிகளில் பங்கேற்கலாம். ஆனா நிபந்தனைகள் உண்டு:

- நிகழ்ச்சி நடத்துறவர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்கணும்.
- ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.
- தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது.
- பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக ஈடுபடுத்தக் கூடாது.
- பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20% தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பேரில் ஃபிக்ஸட் டெபாசிட்டாக நேரடியாகப் போகணும். 18 வயசில் அது பிள்ளைக்குக் கிடைக்கணும்.

டிவி நிகழ்ச்சிக்குப் பிள்ளையை அனுப்புற எத்தனை பேர் அந்த 20% ரசீதைக் கேட்டு வாங்கறீங்க? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே கேளுங்க. கேட்கிறது உங்க பிள்ளையின் உரிமை.

என் கருத்தில் 20% என்பது சட்டம் சொல்ற குறைந்தபட்சம். நியாயம் அதைவிடப் பெருசு. நான் சொல்ற விதி இது: அந்த ஒரு கச்சேரிக்கு ஆன நேரடிச் செலவை, அதாவது வண்டி வாடகை, உடை, பக்கவாத்தியக்காரருக்குக் கொடுத்ததை அந்தக் கச்சேரி வருமானத்தில் கழிச்சுக்கோங்க. மிச்சம் முழுசும் பிள்ளையின் கணக்குக்கு. பழைய கிளாஸ் ஃபீஸைக் கழிக்கக் கூடாது, ஒரு ரூபாய் கூட.

"வீட்டில் அடுப்பு எரியணுமே சார்?"

இந்தக் கேள்வி நியாயமானது, தள்ளிவிட முடியாது. எல்லா வீட்டிலும் 5% எடுத்து வைக்க வசதி இருக்காது. ரஹ்மான் வீட்டுக் கதையே அதுதானே? பையன் வாசிச்ச காசும் வீட்டை நடத்தியிருக்கு. நம்ம பக்கத்துக் கூத்து செட்டிலும், பம்பைக் குழுவிலும், நாதஸ்வரக் குடும்பத்திலும் பிள்ளை அப்பாவோடவே போய் வாசிக்கும். பணம் மொத்தமா செட்டுக்குத்தான் வரும். அவங்ககிட்டப் போய் "எல்லாத்தையும் எஃப்.டி போடுங்க"ன்னு நான் சொன்னா, அது ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசற பேச்சு.

ஆனா ரெண்டு விஷயம் எந்த வீட்டிலும் முடியும்.

ஒண்ணு, செட்டில் மத்தவங்களுக்குப் பங்கு பிரிக்கிறப்போ பிள்ளைக்கும் ஒரு பங்கு பேர் சொல்லிப் பிரிங்க. கால் பங்கோ அரைப் பங்கோ, அது அவன் பேரில் இருக்கட்டும்.

ரெண்டு, வீட்டுக்கு எடுத்தா நோட்டில் எழுதுங்க. தேதி, தொகை, எதுக்கு எடுத்தது. "ஐப்பசி 10, 1,500, பாட்டிக்கு மருந்து." இப்படி எழுதினா என்ன ஆகும்? திருப்பிக் கொடுக்க முடியாமலே போகலாம். ஆனா பதினெட்டு வயசில் அந்த நோட்டை அவன் கையில் கொடுக்கும்போது, தன் பாட்டு இந்த வீட்டைத் தாங்கியதுன்னு அவனுக்குத் தெரியும். எழுதலைன்னா, தன் பணம் எங்கேயோ போச்சுன்னு மட்டும்தான் தெரியும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்றேன், இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பமே உடையும்.

வரிக் கணக்கு: சுருக்கமா

மைனர் பிள்ளைக்கு வர்ற வருமானத்தை, அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்க்கணும் என்பது பொது விதி. ஆனா பிள்ளை தன் உழைப்பால், திறமையால் சம்பாதிச்சதுக்கு இது பொருந்தாது. 1961 சட்டத்தில் இது பிரிவு 64(1ஏ). 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறையில், அதில் பிரிவு எண் வேற. கொள்கை அதேதான். ஆக, சட்டமே சொல்லுது: பாடிச் சம்பாதிச்சது பிள்ளையின் பணம்.

இதனால நீங்க செய்ய வேண்டியது:

பான் கார்டு எடுங்க. மைனருக்கும் கிடைக்கும். ஒரே இடத்திலிருந்து வருஷத்தில் 50,000-க்கு மேல் சம்பளம் வந்தா பொதுவா 10% டி.டி.எஸ் பிடிப்பாங்க. பான் இல்லைன்னா 20%. பிள்ளை பேரில் ரிட்டர்ன் போட்டா, வரி வரம்புக்குள் இருக்கிற வரை பிடிச்சது முழுசும் திரும்பி வரும். கார்டியனா நீங்க தாக்கல் பண்ணலாம்.

வட்டி உங்க தலையில் விழும். பிள்ளையின் சம்பளம் பிள்ளையுடையது. ஆனா அதை எஃப்.டி போட்டு வர்ற வட்டி, பிள்ளைக்கு 18 ஆகிறவரை உங்க வருமானத்தோடு சேரும். இதைத் தவிர்க்க, வட்டிக்கு வரியில்லாத இடத்தில் போடுங்க. பெண் குழந்தைன்னா செல்வமகள் சேமிப்புத் திட்டம், இல்லைன்னா பிள்ளை பேரில் பி.பி.எஃப். (பி.பி.எஃப்-ல் உங்க கணக்கும் பிள்ளை கணக்கும் சேர்த்து வருஷம் 1.5 லட்சம்தான் வரம்பு.) மியூச்சுவல் ஃபண்டில் போட்டா, 18 முடிஞ்ச பிறகு விக்கிற லாபம் பிள்ளை கணக்கில் வரும்.

டிவி பரிசு வேற கதை. போட்டி நிகழ்ச்சியில் ஜெயிச்ச பரிசுக்கு நேரடியா 30% வரி, அதுக்கு மேல 4% செஸ். அடிப்படை விலக்கு வரம்பெல்லாம் இதுக்குக் கிடையாது. பரிசு பொருளா இருந்தாலும் இதேதான். 40 லட்சம் மதிப்புள்ள வீடு பரிசுன்னா, 12 லட்சம் வரி கட்டின பிறகுதான் சாவி கைக்கு வரும். ரிட்டர்ன் போடும்போது செஸ் 48,000 தனி. இந்தப் பணத்துக்காக வட்டிக்கு வாங்கி மாட்டிக்காதீங்க. கட்ட முடியுமான்னு முதல்லயே யோசிங்க.

ஜி.எஸ்.டி பயம் வேண்டாம். வருஷ வருமானம் 20 லட்சம் தாண்டாதவரை பதிவே தேவையில்லை. செவ்வியல், கிராமியக் கலை நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் வரையிலான சன்மானத்துக்கு விலக்கும் இருக்கு. சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு அந்த விலக்கு பொருந்தாது.

பதினெட்டுக்குப் பிறகு

பிள்ளை வளர்ந்தாச்சு. "இதுதான் என் தொழில், சென்னைக்குப் போறேன்"னு சொல்றான். இப்போ சின்னத்தாயம்மாளின் 400 ரூபாயை ஞாபகம் வெச்சுக்கோங்க. அவர் கொடுத்தது ஒரு வரம்புள்ள தொகை. நீங்களும் அப்படியே கொடுங்க.

ரூம், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாசம் 15,000-ன்னு வெச்சுக்கிட்டா, ரெண்டு வருஷத்துக்கு 3,60,000. அவன் கிளம்பும் முன்னாடியே இந்தப் பணம் தனியா இருக்கணும். மாசாமாசம் உங்க சம்பளத்தில் பிச்சுக் கொடுத்தா, ஒவ்வொரு மாசமும் "என்னடா ஆச்சு?"ன்னு கேட்கத் தோணும். தனியா எடுத்து வெச்ச பணம் இருந்தா, ரெண்டு வருஷம் நீங்களும் நிம்மதியா இருக்கலாம், அவனும் நிம்மதியாக் கத்துக்கலாம்.

அந்த ரெண்டு வருஷத்தில் அவன் நட்சத்திரம் ஆகணும்னு இல்லை. தன் சாப்பாட்டுச் செலவை இசையால சம்பாதிக்க முடியுதான்னு பாருங்க, போதும். வகுப்பு எடுக்கலாம், ரெக்கார்டிங்கில் வாசிக்கலாம், வானொலி கிரேடு வாங்கலாம், கல்யாணக் கச்சேரிக்குப் போகலாம். டிசம்பர் சீசனில் மதியக் கச்சேரி கிடைச்சா பெருமைதான், ஆனா பல இடங்களில் அந்தச் சன்மானம் பக்கவாத்தியக்காரருக்கும் வண்டிக்கும் கூடக் காணாது. அந்தப் பெருமையை வருமானக் கணக்கில் எழுதாதீங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு முடியலைன்னா? வேற வேலைக்குப் போவான், சாயங்காலம் பாடுவான். அதுவும் ஒரு வாழ்க்கைதான். பதினாறு வயசிலேயே "எனக்கு வேண்டாம்"னு சொன்னாலும் இதேதான். போன பணம் போனதுதான். அதைக் காப்பாத்தறதுக்காக மேல மேலப் பணம் போடறதும், பிள்ளையை இழுத்துப் பிடிக்கிறதும், விழுந்த ஷேரை ஆவரேஜ் பண்றேன்னு வாங்கிக் குவிக்கிற புத்திதான். பத்து வருஷம் பாட்டு கேட்டு வளர்ந்த காது அந்தப் பிள்ளையோடவே இருக்கும். உங்க பணம் வீணாப் போகலை.

இந்த வாரம் செய்ய வேண்டிய மூணு விஷயம்

1. பிள்ளை பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு. 10 வயசு ஆயிடுச்சுன்னா அதைப் பிள்ளையே இயக்கலாம், வங்கியில் கேளுங்க. இனிமே கச்சேரிப் பணம் அங்கே மட்டும்தான் வரணும்.
2. பான் கார்டு.
3. ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் நீங்க கொடுத்தது, வலது பக்கம் பிள்ளை சம்பாதிச்சது. ரெண்டையும் கூட்டிக் கழிக்கக் கூடாது. அதுதான் இந்த நோட்டின் ஒரே விதி.

பிள்ளை பேரில் ரிட்டர்ன் போடறது எப்படின்னு அடுத்த வீடியோவில் ஸ்டெப் பை ஸ்டெப்பாக் காட்டறேன். இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தா, முக்கியமா அந்த 5% பத்தி, எழுதுங்க. வாதாடத் தயார்.